வளையம் வந்ததோ?

இறுதி வருஷத்தில் லாப் ரிசேர்ச் செய்கிற ஆளிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ரிசல்ட் வந்திட்டுதோ?" வீட்டில் கேட்பார்கள், ஹொஸ்டலில் கேட்பார்கள், கன்ரீனில் பிளேன்ரீ ஊத்துகிற அண்ணையும் கேட்பார். "என்ன செய்து பாத்தனீங்கள்?" என்று கேட்கிற ஆட்கள் குறைவு. "அது சரியெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒரு வருஷத்தில் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு ஆள். காசு இல்லை, மெஷின் இல்லை, கரண்ட் இல்லை என்று நாங்களும் வேண்டிய அளவு புலம்பியிருக்கிறோம். அதெல்லாம் உண்மையும்தான். ஆனால் லாப்பில் ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டு வந்து பார்க்கும்போது, கேள்வி கேட்கிற இந்த ஒழுங்குதான் எங்கட இளமாணி ஆராய்ச்சிகளைக் கூடுதலாகக் கெடுக்கிறது என்று எங்களுக்குப் படுகிறது.

நாங்கள் மூன்று பேர். படித்தது உயிரியல் பொறியியல். இந்தப் பெயரைச் சொன்னால் சனம் ரோபோக் கை, செயற்கை இதயம் என்று கற்பனை பண்ணும். எங்களுக்குக் கிடைத்தது இறால் கோது. அந்தக் கோதில் இருக்கிற கைற்றினைப் பிரித்தெடுத்து, அதைக் கைற்றோசனாக மாற்றி, புண்ணுக்கு மேல் போடக்கூடிய மெல்லிய படலம் ஒன்று செய்து, அது பற்றீரியாவைக் கொல்லுதா என்று பார்ப்பது. இதுதான் புரொஜெக்ட்.

புதுசான விஷயம் ஒன்றும் இல்லை. 1811 இல் ஹென்றி பிராகொனோ என்ற பிரெஞ்சுக்காரர் காளானில் இருந்து கைற்றினைப் பிரித்தெடுத்தார். அதைக் காரத்தில் அவித்தால் அமிலத்தில் கரையக்கூடிய இன்னொரு பொருளாக மாறுகிறது என்று 1859 இல் ஷார்ல் ரூஜே கண்டார். 2002 இல் கைற்றோசனால் செய்த, இரத்தப்போக்கை நிறுத்துகிற பண்டேஜ் ஒன்றுக்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அமெரிக்க இராணுவம் அதை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பாவித்தது. (பண்டேஜுகளை வேகமாக வளர்த்துவிடுவது யுத்தங்கள்தான் என்பது வேற கதை.) எங்கட நாட்டில் இதைச் செய்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. புத்தளம், சிலாபம் பக்கம் இறால் பண்ணைகள், கரையோரம் முழுக்க மீன் சந்தைகள். கோது குப்பைக்குப் போகிறது. நீரிழிவுப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிற ஆட்கள் எல்லார் வீட்டிலும் ஒருவராவது இருக்கினம். ஆகவே புரொஜெக்ட் புரொபோசலில் முதல் பந்தி எழுதுவது சுகம். "கழிவில் இருந்து மருந்து" என்று தலைப்புப் போட்டால் கேட்கிறவரும் தலையாட்டுவார்.

வேலை வேற மாதிரி. ஒரு கிலோ ஈரக் கோதைக் கழுவி, காயவைத்து, அரைத்து, ஐதரோக்குளோரிக் அமிலத்தில் போட்டால் சோடாப் போத்தல் உடைச்ச மாதிரி நுரைத்துக்கொண்டு மேலே வரும். கோதில் இருக்கிற கல்சியம் காபனேற்று கரைந்து காபனீரொட்சைட்டாகப் போகிற சத்தம் அது. நுரை அடங்கின பிறகு சோடியம் ஐதரொட்சைட்டில் போட்டுப் புரதத்தை எடுக்கவேணும். மிஞ்சுவது கைற்றின். அதை 50 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டில், கிட்டத்தட்ட 100 பாகையில், மணித்தியாலக் கணக்கில் அவிக்கவேணும். அந்தக் கரைசல் ஒரு துளி தோலில் பட்டால் போதும். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு பியூம் ஹூட்டுக்கு முன்னால் முறை வைத்து நிற்போம். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கழுவல். காய்ச்சி வடித்த தண்ணீரில், பீ.எச். 7 வரும்வரை, திரும்பத் திரும்பக் கழுவல். உயிரியல் பொறியியல் என்பது அரைவாசி நேரம் சட்டி பானை கழுவுகிற வேலை என்று ஒருவரும் எங்களுக்கு முதலே சொல்லவில்லை.

மணத்தைப் பற்றிச் சொல்லவேணும். முதல் கிழமை எங்களோடு பஸ்ஸில் ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை. எங்கட லாப் நோட்டில் ஆங்கிலத்தில் "லேசான வாடை" என்று எழுதியிருக்கிறோம். நாங்கள் எங்களுக்குள் கதைத்தது "செத்த கடல்" மணம் என்று. இரண்டாவது கட்டத்தில் அது மாறி, அவிச்ச முட்டை மாதிரி வரும். அது மாறாவிட்டால் புரதம் முழுக்கப் போகவில்லை என்று எங்களுக்குப் போகப் போக விளங்கியது. தீசிஸில் இதற்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது எங்களுக்குத் தெரிந்ததில் பாதி வெளியே நின்றுவிடுகிறது. நோட்டைத் தமிழில் எழுதக்கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கோ? கேட்டுப் பார்த்தோம், இல்லை. ஒருவரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். மூன்றாம் மாதத்தில் இருந்து நாங்கள் கலந்து எழுதத் தொடங்கினோம். நிறம், மணம், கையில் தொட்டால் எப்படி இருந்தது என்பதெல்லாம் தமிழில். இலக்கங்கள் எந்த மொழியிலும் இலக்கங்கள்தான்.

ஒரு கிலோ ஈரக் கோதில் இருந்து கடைசியில் கையில் வந்தது 40 கிராம் அளவு, வெளிறிய செதில்கள். அதை ஒரு சதவீத அசற்றிக் அமிலத்தில் கரைத்து, பெத்திரிக் கிண்ணத்தில் ஊற்றி, காயவிட்டால் படலம் வரும். பொலித்தீன் மாதிரி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் லேசான மஞ்சள். முதல் படலத்தை உரித்தெடுத்த நாள் நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். அந்தச் சந்தோசத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். நாலு வருஷமாகப் புத்தகத்தில் படித்த ஒன்றைக் கையால் செய்து பார்க்கிறதுக்கு ஈடு ஒன்றும் இல்லை.

அதுக்குப் பிறகுதான் வளையம். ஏகர் தட்டு முழுக்க பற்றீரியாவைப் பூசி, நடுவில் 6 மில்லிமீற்றர் வட்டமாக வெட்டின படலத்தை வைத்து, 37 பாகையில் ஒரு இரவு விட்டால், அந்தப் பொருள் பற்றீரியாவைக் கொல்லுமெண்டால் அதைச் சுற்றி ஒன்றும் வளராத வெளியான வளையம் தெரியும். அடிமட்டம் வைத்து அளந்தால் ரிசல்ட். போட்டோவுக்கும் வடிவு. எங்களுக்கு முந்தின பற்ச்சுகளின் தீசிஸ்களில் பக்கம் பக்கமாக வளையங்கள் இருந்தன. எங்களுக்கும் வந்தது, 13 மில்லிமீற்றர். வட்ஸப் குரூப்பில் போட்டோ போட்டு, ஆட்கள் இதயம் அனுப்பி, எல்லாம் முடிந்தது.

லாப் ரீ.ஓ. அண்ணை தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த லாப்பில் இருக்கிற மனுசன். "வளையம் வடிவா இருக்கு. ஆனா பிள்ளையள், இது கைற்றோசன் கொண்டதோ, வினாகிரி கொண்டதோ? எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

கேள்வி அவ்வளவுதான். படலத்தைக் கரைத்தது அசற்றிக் அமிலத்தில். வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம். படலம் காய்ந்தாலும் அமிலத்தின் மிச்சம் உள்ளே இருக்கும். ஈரமான ஏகரில் வைத்தவுடன் அந்தச் சின்ன மூலக்கூறு சுகமாகப் பரவிக்கொண்டு போகும். கைற்றோசன் நீளமான, பாரமான சங்கிலி. அது ஏகருக்குள் பெரிசாகப் பரவாது. அதோடு கைற்றோசன் பற்றீரியாவைத் தாக்குவது தன்னிடம் இருக்கிற நேர் ஏற்றத்தால். அந்த ஏற்றம் அமிலச் சூழலில்தான் நன்றாக இருக்கும்; ஏகரின் பீ.எச். 7 தாண்டியது. அப்படியெண்டால் வளையம் யாருடையது?

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். வெறும் வடிதாள் வட்டத்தை ஒரு சதவீத அசற்றிக் அமிலத்தில் தோய்த்து ஒரு தட்டில் வைத்தோம். படலத்தை ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து, அமிலத்தைப் போக்கி, பீ.எச். 7 வரும்வரை கழுவி, இன்னொரு தட்டில் வைத்தோம். அடுத்த நாள் காலை வடிதாளைச் சுற்றி 12 மில்லிமீற்றர். கழுவின படலத்தைச் சுற்றி ஒன்றும் இல்லை. மூன்று தரம் செய்தோம், மூன்று தரமும் அதே கதை. வளையத்தில் பெரும்பங்கு வினாகிரியுடையது.

உண்மையில் எங்கட வருஷத்தில் நடந்த மிகச் சிறந்த பரிசோதனை இதுதான் என்பது எங்கட எண்ணம். செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, பதில் தெளிவு. ஆனால் இதைச் சொன்னபோது எங்களுக்குக் கிடைத்தது அனுதாபம். "ஐயோ, பாவம், இன்னும் எத்தினை மாசம் இருக்கு?" சீனியர் ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "உந்தக் கொன்ட்ரோலை விட்டிட்டு எழுதுங்கோ. ஒருத்தரும் கேக்க மாட்டினம். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது." அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கோ. 13 மில்லிமீற்றர் உண்மையான அளவு. போட்டோ உண்மையான போட்டோ. ஒரு தட்டை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்.

இதில்தான் கெட்டித்தனமான பிள்ளைகளும் மாட்டுகிறார்கள். இல்லாத இலக்கம் ஒன்றை உண்டாக்கி எழுதுகிறவர் லட்சத்தில் ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். தேவையில்லாத தட்டைச் சொல்லாமல் விடுகிறவர் எத்தனை பேர்? அப்படி விட்டவருக்குத் தான் ஏமாற்றினதாகவே தெரியாது. எங்கட சுப்பவைசர் நேர்மையான ஆள், வந்தது வந்தபடி எழுதச் சொன்னார். எல்லா லாப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி ஒரு முறையை நடத்த ஏலாது.

சின்னப் புரொஜெக்ட், நூலகத்தில் தூசி படியப் போகிற தீசிஸ், இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்கலாம். எங்கட துறை ஆட்களின் உடம்பில் வைக்கிற பொருள்களைச் செய்கிற துறை என்பதால்தான். பாவ்லோ மக்கியாரினி என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் கதை உலகம் முழுக்கத் தெரியும். பிளாஸ்ரிக்கில் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் தண்டுக்கலங்களைப் பூசி வைத்தால் அது உயிருள்ள குழாயாக மாறும் என்றார். 2011 இல் இருந்து சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் மூன்று பேருக்கு அதை வைத்தார். உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழான லான்செற்றில் கட்டுரை வந்தது, பத்திரிகைகள் கொண்டாடின. மூன்று நோயாளிகளும் இறந்துபோனார்கள். கூட வேலை செய்த வைத்தியர்கள் நாலு பேர் குறிப்புகளையும் கட்டுரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, எழுதியிருப்பதும் நடந்ததும் ஒன்றில்லை என்று முறையிட்டார்கள். முதலில் அவர்களைத்தான் நிர்வாகம் வெருட்டியது. 2018 இல் லான்செற் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023 இல் சுவீடனின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருஷச் சிறைத்தண்டனை கொடுத்தது. எங்கட இறால் கோதையும் அதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விடுகிற பழக்கம் பேராசிரியரான பிறகு திடீரென்று வருவதில்லை. அதைப் பழகுவதற்கு இறுதி வருஷ லாப் நல்ல இடம்.

பழக்குவது யார் என்று பார்த்தால் முதலில் புள்ளித்திட்டம். எங்களுக்குத் தந்த தாளில் "முடிவுகள்" என்று ஒரு பகுதி இருந்தது, "சமர்ப்பிக்கும் விதம்" என்று ஒரு பகுதி இருந்தது. முடிவை எப்படிச் சோதித்தாய் என்று கேட்கிற பகுதி இல்லை. வைவாவில் ஒரு பரீட்சகர், "அப்ப உங்கட படலம் வேலை செய்யேல்ல, அப்பிடித்தானே?" என்று கேட்டார். வேலை செய்யாத படலத்துக்கு எத்தனை புள்ளி போடலாம் என்று அவருக்கும் குழப்பம். பாவம், அவருக்கும் அதே தாள்தான்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல ஐந்து நிமிஷம் தேவைப்பட்டது. கழுவின படலத்தைச் சுற்றி வளையம் இல்லை என்பதைப் பார்த்த பிறகு படலத்தையே மெதுவாக உரித்துப் பார்த்தோம். அடியில் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. தொட்ட இடத்தில் ஏதோ நடக்கிறது, பரவவில்லை. அப்படியெண்டால் வளையப் பரிசோதனை இந்தப் பொருளுக்குப் பிழையான அளவுகோல். புண்ணுக்குப் போடுகிற படலத்துக்குத் தொடுகிற இடத்தில் நடப்பதுதானே முக்கியம்? அதனால் பற்றீரியா இருக்கிற திரவத்துக்குள் படலத்தைப் போட்டு, சில மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தத் திரவத்தைப் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, தட்டில் பூசி, வளர்கிற கூட்டங்களை எண்ணுகிற முறைக்கு மாறினோம். எண்ணிக் கண் பூத்துப்போகும் வேலை. வளையம் மாதிரிப் போட்டோவுக்கும் வராது.

அதற்குள் நேரம் ஓடிவிட்டது. 2024 மே மாதம் தொடங்கின கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது, லாப் திறக்கவே இல்லை. அவர்களின் சம்பளக் கோரிக்கையில் எங்களுக்குக் கோபம் இல்லை. ரீ.ஓ. அண்ணை மாதிரி ஆட்கள் இல்லாமல் லாப்பில் ஒன்றும் நடக்காது என்பதைக் கதவு பூட்டிக் கிடந்தபோதுதான் பலர் கண்டுபிடித்தார்கள். பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று செய்த வேலையால் நாடு முழுக்க கரண்ட் போனது என்று அமைச்சர் சொன்னாரே, அன்றைக்கு எங்கட இரண்டாவது தொகுதித் தட்டுகள் இன்கியூபேற்றருக்குள் இருந்தன. 37 பாகை எத்தனை மணித்தியாலம் 37 ஆக இருந்தது என்று சொல்ல வழியில்லை. முழுவதையும் எறிந்தோம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எங்களுக்கு முந்தின பற்ச்சுகள் எப்படி இந்தத் தட்டுகளை வளர்த்தார்கள் என்று நினைத்துப் பார்த்தோம். அவர்களின் தீசிஸ்களில் மின்வெட்டைப் பற்றி ஒரு வரியும் எங்கட கண்ணில் படவில்லை.

கடைசியில் நம்பக்கூடிய தொகுதிகள் இரண்டு மிஞ்சின. இரண்டிலும் படலம் போட்ட திரவத்தில் பற்றீரியாவின் எண்ணிக்கை குறைந்தது. இரண்டை வைத்துப் பெரிசாக ஒன்றும் சொல்ல ஏலாது. அதைத்தான் எழுதினோம். மனிதக் கலங்களுக்கு இந்தப் படலம் நஞ்சா என்று பார்க்கிற கட்டத்தை நாங்கள் எட்டவே இல்லை. அதற்குக் காபனீரொட்சைட்டு இன்கியூபேற்றர், கலவளர்ப்புத் திரவம், கன்றுக்குட்டிச் சீரம் எல்லாம் வேணும். ஒரு போத்தல் சீரத்தின் விலையைக் கேட்டுவிட்டு மின்னஞ்சலை மூடிவிட்டோம். அது இல்லாமல் எந்தப் பண்டேஜும் ஆளின் தோலுக்குக் கிட்டப் போகக்கூடாது. ஆகவே "கழிவில் இருந்து மருந்து" என்ற தலைப்பையும் மாற்றினோம். புதுத் தலைப்பு நீளம், வாசிக்கவே அலுப்பு. ஆனால் சரி.

இதையெல்லாம் பார்த்த பிறகு எங்களுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு வருஷமும் ஏன் எல்லாக் குழுவும் புதுத் தலைப்பு எடுக்கவேணும்? ஒரு குழு எட்டு மாதம் போராடி ஒரு இடத்துக்கு வரும், கம்பஸை விட்டுப் போகும். அடுத்த குழு வேற கோது, வேற இலை, வேற தலைப்பு என்று பூச்சியத்தில் இருந்து தொடங்கும். டொலரில் வாங்கின இரசாயனம் அதே சுவரில் முட்டித் தீர்கிறது. எங்கட இரண்டு தொகுதிகளை அடுத்த பற்ச் ஆறாக்கினால், அதற்கடுத்த பற்ச் கல வளர்ப்புக்குப் பக்கத்துக் கம்பஸ் ஒன்றோடு கதைத்தால், மூன்று வருஷத்தில் சொல்லக்கூடிய ஒன்று கையில் இருக்கும். "ஏற்கனவே செய்த தலைப்பு" என்று புரொபோசலைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இருக்கும்வரை இது நடக்காது. செய்ததைத் திரும்பச் செய்து பார்ப்பதற்கும் புள்ளி இருக்கவேணும். தீசிஸின் பின்னால் சரிவராத பரிசோதனைகளுக்கென்று நாலு பக்கம் கட்டாயமாக்கலாம். அதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஒரு பீடக் கூட்டம் போதும்.

இதை எதிர்த்துச் சொல்லக்கூடிய நியாயமும் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்குச் சரிவராத பரிசோதனைகளைக் காட்டி இடம் எடுக்க ஏலுமோ? வேலை வாய்ப்பே இல்லாத துறையில் நேர்மைக்கு விலை கொடுக்கச் சொல்லி இருபத்துமூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்பது சரியோ? சரியில்லை. அதனால்தான் நாங்கள் பிள்ளைகளிடம் கேட்கவில்லை, புள்ளித்தாள் தயாரிக்கிற ஆட்களிடம் கேட்கிறோம்.

இந்த வருஷ பற்ச்சில் இரண்டு பேர் எப்படியோ கதைத்து அதே படலத்தை எடுத்திருக்கினம். எங்களைத் தேடி வந்து முதல் கேட்டது கோது எங்கே வாங்கினது என்று. சந்தைக்கு விடிய ஆறு மணிக்கு முதல் போகச் சொன்னோம், வெயில் ஏறினால் கோது பழுதாகிவிடும். மிச்சம் இருந்த 11 கிராம் கைற்றோசனையும் நோட்டின் போட்டோக்கொப்பியையும் கொடுத்தோம். படலத்தைக் கழுவி பீ.எச். 7 க்குக் கொண்டுவர எத்தனை தரம் தண்ணீர் மாற்றவேணும் என்பது 34 ஆம் பக்கத்தில் தமிழில் இருக்கு.